‘ஆவணம் எங்கே?’

போரில் தான் பட்டதை ஒருவர் சொல்லத் தொடங்கினால் நம் படித்த வட்டாரத்தில் உடனே ஒரு கேள்வி எழும்: “இதற்கு ஆவணம் இருக்கிறதா?” கேட்பவர் கெட்ட எண்ணம் கொண்டவராக இருக்க வேண்டியதில்லை. முறையாக வரலாறு படித்தவராக இருப்பார். கல்வெட்டு, கடிதம், கோப்பு என்று கையில் பிடித்துக் காட்டக்கூடியதை வைத்தே எதையும் நிறுவ வேண்டும் என்று பழக்கப்பட்டவர். கிழவர் சொல்வது கதை, கோப்பில் இருப்பதுதான் வரலாறு என்பது அவர் கட்சி. நினைவு மங்கும், கூட்டும், குறைக்கும்; பார்த்த சினிமாவும் கேட்ட மேடைப்பேச்சும் அதில் கலந்துவிடும்; அறுபது வருஷம் கழித்துச் சொல்வதை எதை வைத்து நம்புவது என்பார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பழமொழியையும் துணைக்கு அழைத்துக்கொள்வார். அந்தப் பழமொழி கோப்பில் இருப்பதெல்லாம் மெய் என்று எங்கேயும் சொல்லவில்லை என்பது அவருக்கு உறைப்பதில்லை.

இந்தக் கட்சிக்குத்தான் இன்று செல்வாக்கு. பல்கலைக்கழகத் துறைகளில், பத்திரிகை அலுவலகங்களில், பாடநூல் குழுக்களில் அது கிட்டத்தட்ட விதியாகிவிட்டது. (முனைவர் பட்டம் கொடுக்க மட்டும் வாய்மொழித் தேர்வு செல்லும்.) வாய்மொழிச் சாட்சியத்தை அடியோடு ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அதற்கு ஓரமாக ஓர் இடம் தருகிறார்கள். தளபதிகளும் ஒப்பந்தங்களும் எண்ணிக்கைகளும் கட்டுரையின் உடலாக ஓடும். பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் ஒரு பாட்டி அழுதுகொண்டிருப்பார். வாசகர் மனத்தைத் தொட அது போதும் என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாடு தவறு என்பது என் வாதம். போரைப் பொறுத்தவரை நேரில் பட்டவரின் வாய்மொழி முதல்தரச் சான்று. பல போர்களில் அது ஒன்றுதான் சான்று. கோப்பு என்பதும் ஒருவர் சொன்ன சாட்சியமே, அதுவும் பெரும்பாலும் துப்பாக்கி வைத்திருந்தவர் தன் மேலதிகாரிக்குச் சொன்னது. இதைப் பொதுப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தால் வாதம் முன்னே நகராது. நமக்கு நெருக்கமான ஒரு வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

1942 நடுவில் ஜப்பானிய ராணுவம் சயாமின் (இன்றைய தாய்லாந்தின்) பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கியது. இரு முனையிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் 1943 அக்டோபரில் இணைந்தன. காடும் மலையும் மழையும் காலராவும் நிறைந்த அந்த வழியில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். அதே பாதையில் அவர்களைப்போல மூன்று மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் இருந்தார்கள்: பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர், மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர். மலாயாவிலிருந்து போனவர்களில் மிகப் பெரும்பாலானோர் தமிழர்கள். இவர்களில் எத்தனை பேர் செத்தார்கள்? இதற்கு எந்தக் கோப்பும் நேரான பதில் சொல்லாது. குறைந்த மதிப்பீட்டுக்கும் கூடிய மதிப்பீட்டுக்கும் நடுவே பல்லாயிரம் உயிர்கள் வித்தியாசம்.

ஏன் இந்த வித்தியாசம்? போர்க்கைதிகள் படையாக வந்தவர்கள். அவர்களிடம் பதவி வரிசை இருந்தது, பெயர்ப் பட்டியல் இருந்தது, மருத்துவர்கள் இருந்தார்கள், எழுதத் தெரிந்த அதிகாரிகள் இருந்தார்கள். நாட்குறிப்புகளை மூங்கில் குழாய்க்குள்ளும் கல்லறைக்குள்ளும் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். போர் முடிந்ததும் 1945 செப்டம்பரில் ஒரு குழு பாதை நெடுகப் போய் 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டுபிடித்தது. இன்று அந்தப் பாதையோரம் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறையில் பெரும்பாலான கற்களில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். புல் வெட்டி ஒழுங்காக வைத்திருப்பார்கள்.

தோட்டத் தொழிலாளிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. மூன்று மாத ஒப்பந்தம், நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். அது போதாமல் போனபோது தோட்ட எழுத்தரான கிராணியையும் கங்காணியையும் நெருக்கி ஆள் எடுத்தார்கள். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் ஏற்றினார்கள் என்பது மலாயாவின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வந்த சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. குடும்பத்தோடு போனவர்கள் உண்டு. அவர்களுக்கென்று மருத்துவர் இல்லை, தலைவர் இல்லை, பெயரேடு எழுதுவார் இல்லை. கூட்ஸ் வண்டியில் அடைபட்டுப் போய், காட்டில் நடந்து, அத்தாப்புக் கூரை போட்ட மூங்கில் கொட்டகையில் இறங்கினார்கள். செத்தவர்களைக் குழியில் தள்ளினார்கள், ஆற்றில் விட்டார்கள். காலரா கண்டவர்களை உயிர் போகும் முன்பே கொட்டகையோடு கொளுத்தினார்கள் என்று சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்ல. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தில் எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. அவற்றோடு பெயர்ப் பட்டியல் எதுவும் கிடைக்கவில்லை.

ஆவணம் எங்கே என்று கேட்பவருக்கு இங்கே முதல் பதில்: எரிந்துபோனது. 1945 ஆகஸ்டில் சரணடைவதற்கு முன்னும் பின்னும் ஜப்பானியப் படை தன் கோப்புகளைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தியது. இது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உண்மை. எரித்தவனே பின்னால் வந்து, எங்கே காகிதம் என்று கேட்கிறான். நம் ஆய்வாளரும் கூட நின்று அதையே கேட்டால் அது எந்த வகை நடுநிலை?

எரியாமல் தப்பிய காகிதத்துக்கும் வருவோம். போருக்குப்பின் தொகுத்த கணக்கில் மலாயாத் தொழிலாளர்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், இருபதாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள் என்று காட்டிவிட்டு அது இன்னொரு பத்தியையும் போடுகிறது. ‘ஓடிப்போனவர்கள்’ என்ற அந்தப் பத்தியிலும் இருபதாயிரத்துக்கு மேல் நிற்கிறது. கோப்பை நம்புபவர் இந்த எண்ணை அப்படியே எடுத்து எழுதுவார். நான் கேட்கிறேன், அந்தக் காட்டில் ஓடியவர்கள் எங்கே போனார்கள்? மொழி தெரியாத ஊர், கையில் காசில்லை, காலில் சீழ்ப்புண், உடம்பில் மலைக்காய்ச்சல். சிலர் தப்பியிருக்கிறார்கள், சயாமியக் கிராமத்தார் அவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். இதையும் வாய்மொழிதான் நமக்குச் சொல்கிறது. ஆனால் வேலைக்கு வராதவனை எழுத்தர் எந்தப் பத்தியில் போடுவார்? இரவில் காட்டோரம் விழுந்து செத்தவன் காலைக் கணக்கில் ஓடியவன்தான். அந்தப் பத்தியை எழுதியவருக்கு அவன் எங்கே போனான் என்பது பொருட்டே இல்லை. நாளைக்கு எத்தனை பேர் மண் சுமப்பார்கள் என்பதுதான் கணக்கு. கூட இருந்து பார்த்தவன் பேசினால்தான் அந்தப் பத்திக்குள் யார் கிடக்கிறார்கள் என்று தெரியவரும்.

போர்க்கைதிகளின் எழுத்தில் தமிழர்கள் வருகிறார்கள், மறுக்கவில்லை. எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். பக்கத்து முகாமின் அழுக்கு, காலரா வந்த திசை என்றுதான் பெரும்பாலும் வருகிறார்கள். எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. ‘எஃப் படை’ என்று பெயர் பெற்ற 7,000 கைதிகளின் கூட்டத்தில் ஏறக்குறைய 3,100 பேர் செத்தார்கள். காலரா அவர்களை வாரிக்கொண்டு போனது. அந்த நிலையில் ஒருவன் பக்கத்துக் கொட்டகையை எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் பார்த்தான். பின்னால் கைதிகளிலிருந்து மருத்துவர்களையும் உதவியாளர்களையும் பிரித்து, ‘கே படை’, ‘எல் படை’ என்று தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் எழுதி வைத்ததுதான் இருக்கும் சொற்ப எழுத்துச் சான்று. ஆனால் கொட்டகைக்கு வெளியே நின்று பார்த்தவருக்கு அழுக்குத் தெரியும். தண்ணீர் காய்ச்சப் பாத்திரம் இருந்ததா, நோயாளிக்கு யார் கஞ்சி ஊட்டினார்கள், அம்மா செத்தபின் பிள்ளையை யார் வைத்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் உள்ளே கிடந்தவர் சொல்லவேண்டியவை.

சினிமா கலந்த நினைவு என்று குறை சொல்கிறார்கள் அல்லவா, அதற்கும் இந்த ரயில் பாதையிலேயே பதில் இருக்கிறது. 1957இல் டேவிட் லீன் எடுத்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தில் பாலத்தைப் பெருமையோடு கட்டிக்கொடுக்கும் ஓர் ஆங்கிலேயக் கர்னல் வருகிறார். படம் பிடித்தது இலங்கையின் கித்துல்கலவில். உலகம் அதைத்தான் வரலாறு என்று எடுத்துக்கொண்டது. உண்மையில் அந்தப் பாலம் நின்ற ஆற்றின் பெயர் மே குளோங். பயணிகள் வந்து ‘குவாய்’ ஆற்றைத் தேடவே, தாய்லாந்து அரசு 1960களில் ஆற்றின் பெயரையே மாற்றிக்கொண்டது. இன்றைய வரைபடத்தைப் பார்த்தால் குவே யாய் என்றுதான் இருக்கும். வரைபடமும் அரசு ஆவணம்தானே! எதிர்த்துப் பேசியவர்கள் யார்? பாலத்தில் வேலை செய்து உயிர்தப்பிய முன்னாள் கைதிகள். தங்கள் தலைவர் ஃபிலிப் டூஸி அந்தக் கர்னலைப் போன்றவரே இல்லை என்று பல்லாண்டு வாதாடினார்கள். டூஸியும் மணிக்கணக்கில் ஒலிநாடாவில் பேசி வைத்துவிட்டுப் போனார். சினிமா ஆவணத்துக்குள் புகுந்தது. வாய்மொழி அதைத் திருத்தியது. அந்தப் படத்தில் தமிழனுக்கு ஏறக்குறைய இடமே இல்லை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டுமா?

இதில் நம் வரலாற்றாசிரியர்கள் வெட்கப்பட வேண்டிய ஒன்று உண்டு. அவர்கள் ஆவணத்துக்காகக் காத்திருந்த காலத்தில் மலேசியாவின் நாவலாசிரியர்கள் முந்திக்கொண்டார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டும் தோட்டங்களில் புழங்கிய அந்த நினைவிலிருந்து வந்தவை. சிங்கப்பூரில் 1979இல் வாய்மொழி வரலாற்று மையம் தொடங்கி, 1981 முதல் ஜப்பானியர் ஆட்சிக்காலம் பற்றிய பேட்டிகளைப் பதிந்தார்கள். இங்கே தமிழ்நாட்டில், சயாமிலிருந்து உயிரோடு திரும்பிக் கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தவர்கள் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் சேலத்திலும் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பேசியே செத்தார்கள். கேட்டு எழுத முறையான ஏற்பாடு எதுவும் எழவில்லை. பேரப்பிள்ளைகள் ‘தாத்தா ஜப்பான்காரன் கதை ஆரம்பிச்சிட்டார்’ என்று எழுந்து போனார்கள்.

எதிர்க்கட்சியின் அடுத்த வாதம்: வாய்மொழி சொல்வது உண்மையானால் என்றாவது ஆவணம் வெளிவரும், அதுவரை பொறுப்போம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆவணம் தானாக எழுந்து நடந்து வராது. எதைத் தேடுவது என்று யாராவது சொல்லவேண்டும். 1990 ஜூனில் ஜப்பான் நாடாளுமன்றத்தில் ஓர் அதிகாரி, போர்க்காலத்தில் படைகளின் பாலியல் நிலையங்களுக்குப் பெண்களைக் கூட்டிப்போனது தனியார் முதலாளிகள், அரசுக்குத் தொடர்பில்லை என்ற வகையில் பதில் சொன்னார். 1991 ஆகஸ்ட் 14 அன்று சோல் நகரில் கிம் ஹாக்-சுன் என்ற மூதாட்டி தன் பெயரையும் முகத்தையும் காட்டி, ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமையாக இருந்தேன் என்று சொன்னார். அவர் பேசியதைத் தொலைக்காட்சியில் பார்த்த யோஷிமி யோஷியாகி என்ற வரலாற்றுப் பேராசிரியர் டோக்கியோவில் பாதுகாப்புத் துறையின் நூலகத்துக்குப் போனார். ராணுவமே அந்த நிலையங்களை நடத்தியதில் பங்கு கொண்டதைக் காட்டும் காகிதங்கள் அங்கே இருந்தன. 1992 ஜனவரியில் அது செய்தியானது. 1993 ஆகஸ்டில் ஜப்பான் அரசு கோனோ அறிக்கையில் ஒப்புக்கொண்டது. காகிதம் அரை நூற்றாண்டாக அலமாரியில் இருந்தது. அதைத் தேட வைத்தது ஒரு கிழவியின் பேச்சு. அவர் ‘ஆவணம் கிடைக்கட்டும், பிறகு பேசுவேன்’ என்று காத்திருந்தால் அந்தக் கட்டு இன்னும் அலமாரியிலேயே கிடந்திருக்கும்.

ஆவணம் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை எப்படி வந்ததோ தெரியவில்லை. 1968 டிசம்பர் முதல் 1969 மே வரை வியட்நாமின் மெகோங் கழிமுகத்தில் அமெரிக்காவின் 9ஆம் காலாட்படைப் பிரிவு நடத்திய ‘ஸ்பீடி எக்ஸ்பிரஸ்’ நடவடிக்கையின் ராணுவக் கணக்கைப் பாருங்கள். கொன்ற எதிரிகள் 10,899 பேர். பிடித்த ஆயுதங்கள் 748. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் கையில் துப்பாக்கியே இல்லை என்றால் அவர்கள் யார்? காகிதத்தில் அவர்கள் எதிரிகள்தான். வயலில் நின்றவர்கள் யார் என்பதை, 1972இல் ‘நியூஸ்வீக்’ நிருபர்கள் கிராமம் கிராமமாகப் போய்க் கேட்டபோது அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள்.

இவ்வளவு தூரம் போவானேன்? 2009 தொடக்கத்தில் வன்னியில் போர் வலயத்துக்குள் இருக்கும் பொதுமக்கள் ஏறக்குறைய 70,000 பேர் என்று இலங்கை அரசு சொன்னது. உணவும் மருந்தும் அந்தக் கணக்கை ஒட்டியே போயின. போர் முடிந்தபோது வெளியே வந்தவர்கள் மட்டும் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். இந்த ஒரு எண் பட்டினியாகவும் மருந்தில்லாத காயமாகவும் மாறியதை 2011இல் ஐ.நா. வல்லுநர் குழு எழுதிவிட்டது. இன்னொன்றையும் கவனியுங்கள். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் அரசின் ஆணைக்குழு முன் போனபோது கையில் கொண்டுபோனது கண்ணீர்க் கதை அல்ல. அரசின் மாவட்டச் செயலகமான கச்சேரியின் சொந்தப் புள்ளிவிவரம். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர், வெளியே வந்தவர்கள் 2,82,380 பேர், மீதி 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். ஆவணம் கேட்பவர்களுக்கு ஆவணத்தையே கொடுத்தார். ஒழுங்கான பதில் வரவில்லை. அப்படியானால் சண்டை பேச்சுக்கும் காகிதத்துக்கும் நடுவே இல்லை. யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் காகிதம் கனக்கிறது அல்லது பறந்துபோகிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் முறையியல் பற்றி வகுப்பெடுப்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

சரி, எதிர்க்கட்சியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். பொய்ச் சாட்சியம் உண்டு. நாஜி முகாமில் கழிந்த பால்யம் என்று பின்யமின் வில்கோமிர்ஸ்கி 1995இல் எழுதிய நூல் பரிசுகள் வாங்கியது. மூன்று வருஷத்தில் அது முழுக் கற்பனை என்று வெளியானது. கொரியாவின் ஜெஜு தீவில் ராணுவத்தின் பாலியல் நிலையங்களுக்காக நானே பெண்களை வேட்டையாடிப் பிடித்தேன் என்று யோஷிடா செய்ஜி என்ற ஜப்பானியர் எழுதியதும் பேசியதும் பொய். அதை நம்பி வெளியிட்ட ‘அசாஹி’ நாளிதழ் 2014இல் தன் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அதைக் காட்டியே ஜப்பானிய வலதுசாரிகள் எல்லாப் பெண்களின் சாட்சியத்தையும் பொய் என்கிறார்கள். இந்தச் சேதம் சின்னதல்ல.

ஆனால் யோஷிடாவின் பொய் எப்படிப் பிடிபட்டது? ஜெஜுவில் இருந்தவர்களிடம் போய்க் கேட்டார்கள், முதலில் உள்ளூர்ப் பத்திரிகையாளர், பிறகு ஹாதா இகுஹிகோ என்ற ஜப்பானிய வரலாற்றாசிரியர். அப்படி ஒன்று இங்கே நடக்கவில்லை என்று ஊர்க் கிழவர்கள் சொன்னார்கள். அதாவது ஒரு வாய்மொழியை உடைத்தது இன்னொரு வாய்மொழி. ஹாதா அந்தப் பெண்களுக்கு ஆதரவானவரும் இல்லை. அவரே கிழவர்கள் பேச்சைச் சான்றாக எடுத்துக்கொண்டார் என்பதை வாய்மொழியை ஏளனம் செய்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கொரியாவின் நோ குன் ரி இதைவிடச் சிக்கலான வழக்கு. 1950 ஜூலை கடைசியில் அங்கே ரயில் பாலத்தடியில் ஒதுங்கிய அகதிகளை அமெரிக்கப் படையினர் சுட்டுக் கொன்றார்கள் என்று உயிர்தப்பியவர்கள் மனு மேல் மனு போட்டார்கள். அந்தப் படைப்பிரிவு அந்தப் பக்கம் இருந்ததற்கே சான்றில்லை என்று பதில் வந்தது. 1999இல் அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் சுட்ட பக்கத்திலிருந்தும் ஆட்களைத் தேடிப் பிடித்துப் பேசவைத்தார்கள். பேசியவர்களில் ஒருவர் அன்று அங்கே இல்லவே இல்லை என்பது பின்னால் தெரிந்தது. உடனே கதை முழுவதும் பொய் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அந்த ஒருவரை எடுத்துவிட்டாலும் மற்றவர்கள் சொன்னது நின்றது. 2001இல் ராணுவமே அங்கே பொதுமக்கள் கொல்லப்பட்டதை ஏற்றது, உத்தரவு மட்டும் இல்லை என்றது. சில ஆண்டுகள் கழித்து, அமெரிக்கப் படை வரிசையை நெருங்கும் அகதிகளைச் சுடுவது பற்றி அமெரிக்கத் தூதர் 1950 ஜூலை 26 தேதியிட்டு எழுதிய கடிதம் ஆவணக்காப்பகத்தில் கிடைத்தது. ராணுவ விசாரணைக் குழு அதை முன்பே பார்த்துவிட்டு அறிக்கையில் விட்டுவிட்டிருந்தது. பொய் சொன்ன முன்னாள் சிப்பாய் ஒருவரும், கடிதத்தை விட்டுவிட்ட ஒரு குழுவும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். இருவரில் யாரைச் சொல்லி ‘நினைவு நம்பத்தகாதது’ என்று பாடம் நடத்துகிறார்கள் என்று பாருங்கள்.

தேதி மாறிப்போகும், இடம் மாறிப்போகும் என்ற குறை எனக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. இத்தாலியின் தெர்னி நகரில் 1949 மார்ச்சில் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தில் ஒரு தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். அலெஸ்ஸாண்ட்ரோ போர்த்தெல்லி பின்னாளில் விசாரித்தபோது பலர் அதை 1953இல் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த தெருச் சண்டையில் நடந்ததாகச் சொன்னார்கள். தேதி தவறு என்று ஒரு கோடு போட்டுவிட்டு அவர் போயிருக்கலாம். ஏன் ஒரே மாதிரி தவறுகிறார்கள் என்று கேட்டதால், பதிலுக்குப் பதில் கொடுக்க முடியாமல் போன ஒரு சாவு அந்த ஊரை எப்படி அரித்தது என்பது தெரிந்தது. போலீஸ் குறிப்பில் தேதி சரியாக இருக்கும். இது இருக்காது.

இங்கே என் பக்கத்துக்காரர்களையும் கொஞ்சம் கண்டிக்கவேண்டும். வாய்மொழியைக் கையெடுத்துக் கும்பிட்டு, குறுக்குக் கேள்வியே கேட்கக்கூடாது என்பவர்கள் எதிர்க்கட்சிக்குத்தான் வேலை செய்து கொடுக்கிறார்கள். கேமராவை முகத்துக்கு முன் வைத்து ‘எவ்வளவு கஷ்டப்பட்டீங்க பாட்டி?’ என்று கேட்டால் அழுகைதான் வரும். அதிலிருந்து எந்த ஆய்வாளனும் ஒன்றும் எடுக்க முடியாது. எந்தத் தோட்டம், கிராணி யார், லாரி எந்த நேரத்தில் வந்தது, கையில் என்ன எடுத்துப் போனீர்கள், மண்ணைக் கூடையில் சுமந்தீர்களா சாக்கைக் கழியில் கட்டித் தூக்கினீர்களா, ஒரு கொட்டகையில் எத்தனை பேர் படுத்தீர்கள், அரிசி யார் அளந்தார், மழை தொடங்கியபின் வேலை நேரம் மாறியதா, திரும்பி வந்தபோது லயத்தில் யார் இருந்தார்கள். இப்படிக் கேட்கவேண்டும். ஒருவருக்கொருவர் தெரியாத பலரின் பதிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சொல்வதை நீங்களே பார்த்தீர்களா, பிறர் சொல்லக் கேட்டதா என்று பிரித்து எழுதவேண்டும். தீர விசாரிப்பது என்றால் இதுதான்.

அப்படிக் கேட்டால் சங்கடமானவையும் வரும். மலாயாவில் நேதாஜியின் படையில் சேர்ந்த தோட்டத்து இளைஞர்களைப் பற்றி எழுதும்போது நாட்டுப்பற்று என்ற ஒரே வண்ணத்தைப் பூசுவது நமக்கு வழக்கம். சேராவிட்டால் சயாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயமும் அதில் இருந்தது. பயமும் பற்றும் ஒரே ஆளிடம் ஒன்றாக இருக்கமுடியும். ஆள் பிடித்துக்கொடுத்தவர்களில் நம் கங்காணிகளும் உண்டு. தங்கள் பக்கத்துக்குத் தோதாக மட்டும் பேசுவது வாய்மொழி என்றால் இவையெல்லாம் வெளியே வந்திருக்காது.

செத்தவர்கள் பேசமுடியாது, பிழைத்தவர்கள் மட்டுமே பேசுகிறார்கள், ஆகவே அந்தச் சித்திரம் கோணல் என்பது இன்னொரு வாதம். இதைக் கடுமையாகச் சொன்னவர் ஆஷ்விட்ஸிலிருந்து மீண்ட பிரிமோ லெவியே, 1986இல். அவர் அதைச் சொன்னது தன் போன்றவர்களின் சாட்சியத்தைத் தூக்கிப் போடுவதற்காக அல்ல. மேலும், செத்தவனின் கோப்பும் பேசுவதில்லை. அவனைக் கொன்றவனின் கோப்புதான் பேசுகிறது.

இது ஏதோ அறிஞர்களுக்குள் நடக்கும் வாக்குவாதம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1945இல் ஒகினாவாவில் ஜப்பானியப் படை தன் சொந்தக் குடிமக்கள் கையில் எறிகுண்டைக் கொடுத்துச் சாகச் சொன்னதை உயிர்தப்பியவர்கள் சொன்னார்கள். 1970களிலேயே அந்த மாகாணத்தின் வரலாற்று நூலில் அவர்கள் பேச்சு தொகுக்கப்பட்டது. எழுத்தில் உத்தரவு இல்லையே என்று சொல்லி 2007இல் கல்வி அமைச்சகம் பாடநூலிலிருந்து படையின் கட்டாயத்தை நீக்கச் சொன்னது. அந்த செப்டம்பரில் கினோவான் நகரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள் என்று கூட்டம் நடத்தியவர்கள் கணக்குச் சொன்னார்கள். ஆண்டு முடிவதற்குள் அமைச்சகம் பாதி இறங்கி வந்தது. இதைப்பற்றி 1970இல் எழுதிய நாவலாசிரியர் கென்சாபுரோ ஓஏ மீது போட்ட அவதூறு வழக்கு 2011இல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. ‘எழுத்தில் இல்லை’ என்ற இரண்டு சொல்லை வைத்து ஒரு நாடு தன் பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு தீவின் சாவை அழிக்கப் பார்த்தது. நம் முறையியல்காரர்கள் கூட்டத்தில் எழுந்து கேட்பதும் இதே சொல்தான்.

1943இல் சயாம் காட்டில் அம்மாவின் கையைப் பிடித்து நடந்த பத்து வயதுப் பிள்ளைக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. 2009 மே மாதம் வன்னியில் நந்திக்கடலைக் கடந்துவந்த இளந்தாய்க்கு இன்னும் நினைவும் குரலும் நன்றாக இருக்கின்றன. உங்கள் வீட்டில், தெருவில், முகாமில், கோயில் திண்ணையில் இப்படி ஒருவர் இருந்தால் கைப்பேசியில் பதியுங்கள். ஊர், நாள், கேட்டவர் பெயர் மூன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிப் பதியுங்கள். அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், பெயரை மறைக்கச் சொன்னால் மறையுங்கள். அழவைக்காதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள், நடுவில் திருத்தாதீர்கள். ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொண்டு இன்னொன்றை ஏதாவது ஒரு நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். பிறகு யாராவது ஆவணம் எங்கே என்று கேட்டால், அங்கே போய்க் கேட்கச் சொல்லலாம்.